டிரம்முக்குப் பின்னால் ஒரு பிட்டர்

பஸ் ஷெட்டில் வேலைக்குச் சேருகிறவனுக்கு முதலில் போவது நகத்தின் நிறம், அப்புறம் காது, கடைசியில் நிம்மதி. முதல் இரண்டையும் சோப்பும் எண்ணெயும் போட்டு ஏதோ சமாளித்துவிடலாம். நிம்மதி போவதற்குக் காரணம் பெரும்பாலும் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவன். நீங்களும் பத்துப் பேரோடு ஒரே கூரையடியில் வேலை செய்தவராக இருந்தால், உங்களுக்கும் அப்படி ஒருத்தர் வாய்த்திருப்பார். நீங்கள் ஒரு வருஷம் முக்கி முனகிக் கற்றுக்கொண்டதை அவர் டீ குடிக்கிற நேரத்தில் செய்துவிட்டு, "இது இன்னா பெரிய விஷயம்" என்று துண்டை உதறிக்கொண்டு போவார். எனக்கு வாய்த்தவர் ஷெரீப் பாய். செஞ்சியில் எங்கள் பஸ் கம்பெனி ஷெட்டில் அவர் டிங்கர். மரத்தில் இடித்து உள்வாங்கின தகரத்தைத் தட்டித் தட்டி நேராக்குகிறவர். நான் இன்ஜின் பிட்டர், பெயர் ஏழுமலை.

அறுபத்தைந்தில் வடக்கே சண்டை மூண்டதும் ஊரில் எல்லாருக்கும் ஏதாவது செய்தாகவேண்டும் என்று ஒரு துடிப்பு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஊர்வலம் போனார்கள். கடைக்காரர்கள் ஜவான்களுக்கென்று கம்பளி சேர்த்தார்கள். நாங்கள் என்ன அனுப்புவது, கிரீஸ் டப்பாவையா? "பேண்டு வெச்சிடலாம், கம்பளி சேக்கறவங்களுக்கு முன்னால வாசிச்சிக்கினு போனா ஜனங்க தானா வெளியே வருவாங்க" என்று சொன்னது நான்தான். இதை நீங்களாவது குறித்து வைத்துக்கொள்ளுங்கள், ஷெட்டில் ஒருத்தனும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. முதலாளிக்கு யோசனை பிடித்துப்போய், மதராசில் கலைந்துபோன ஒரு கல்யாண பேண்டின் சாமான்களை வாங்கி எங்கள் பஸ்ஸின் டாப்பிலேயே போட்டு அனுப்பிவிட்டார்.

ஊதிப் பார்த்த நாள்

வந்த சாமான்களில் டிரம்பெட் ஒன்றே ஒன்று. பித்தளை, தங்கமாக மின்னியது. மேலே அமுக்குவதற்கு மூன்று வால்வு வேறு. யோசனை சொன்னவன் நான், வால்வுக்கு ஆளும் நான், அப்புறம் அது வேறு யாருக்குப் போகும்? எங்கள் ஷெட் மேஸ்திரி மட்டும், "எல்லாரும் ஒருதரம் ஊதிப் பாருங்க, யாருக்கு வருதோ அவங்களுக்கு" என்றார். நான் கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதினேன். காற்றுதான் வந்தது. இன்னொருதரம் ஊதினேன். அந்தச் சத்தத்தைக் கேட்டு ரோட்டில் போன ஒரு எருமை நின்று திரும்பிப் பார்த்தது. சத்தியமாகப் பார்த்தது.

ஷெரீப் பாய் வேலையிலிருந்து எழுந்து வந்தார். துண்டால் வாய் வைக்கிற இடத்தைத் துடைத்தார், மெல்ல ஏதோ முணுமுணுத்தார், ஊதினார். முழுசாக ஒரு மெட்டு! கேட்டால், பாண்டிச்சேரியில் அவர் மாமா பேண்டில் இருந்தாராம், சின்ன வயசில் லீவுக்குப் போகும்போது எடுத்து ஊதுவாராம். எனக்கு ஏன் அப்படி ஒரு மாமா இல்லை என்று என் அம்மாவின் பிறந்த வீட்டையே மனசுக்குள் திட்டிக்கொண்டு நின்றேன். மேஸ்திரி என்னைத் தலை முதல் கால்வரை ஒருதரம் பார்த்தார். நான் ஆள் குட்டை, ஆனால் கொஞ்சம் அகலம்.

"ஏழுமலை, உனக்குத் தோளு நல்லா இருக்குது. அந்தப் பெரிய டிரம்ம நீ மாட்டிக்கோ."

கடைத்தெருவில் முதல் ஊர்வலம்

காக்கிச் சட்டையை சோடா போட்டு வெளுத்து, இடுப்பில் சிவப்புத் துணி சுற்றிக்கொண்டு கிளம்பினோம். டிரம்மை மாட்டின பிறகுதான் எனக்கு விஷயம் உறைத்தது. அது என் நெற்றியில் ஆரம்பித்து முழங்காலில் முடிந்தது. முன்னால் எனக்கு ரோடு தெரியவில்லை, ரோட்டுக்கு நான் தெரியவில்லை. மேலே ஆகாயமும் காக்காயும் மட்டும் தெரிந்தன. சாணியில் இரண்டுதரம் கால் வைத்தேன். ஷெரீப் பாய் எல்லாருக்கும் முன்னால், நெஞ்சை நிமிர்த்தி ஊதிக்கொண்டு போனார். ஒரு பூக்கடைக்காரர் அவர் கழுத்தில் மாலை போட்டாராம், சோடாக்கடையில் சோடா உடைத்துக் கொடுத்தார்களாம். இதெல்லாம் எனக்குக் காதால் கேட்ட சமாசாரம்.

என் சம்சாரம் அஞ்சலை மசூதித் தெரு முனையில் நின்று பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள். அந்த முனை வந்ததாக ஒரு குத்துமதிப்பில் நினைத்துக்கொண்டு அங்கே கொஞ்சம் கூடுதலாகவே அடித்தேன். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "எப்படி இருந்துச்சு, என்னைப் பாத்தியா?" என்று கேட்டேன். அவள் சோற்றைப் போட்டுக்கொண்டே யோசித்தாள்.

"பாத்தனே. ஒரு டிரம்மு, ரெண்டு கை ரெண்டு காலோட தனியா நடந்து போச்சு. ஆமா, முன்னாடி ஊதினவரு யாரு?"

கோட்டையடியில் ஒரு திருடன்

ஷெட்டில் பழகினால் கடைத்தெருவே காதைப் பொத்துகிறது என்று சாயங்காலங்களில் எங்களைக் கோட்டை மலையடிவாரத்துக்கு விரட்டிவிட்டார்கள். முதல் நாள் அங்கே போய் 'டம்' என்று ஒரு அடி அடித்தேன். கொஞ்சம் பொறுத்து மலைப்பக்கமிருந்து 'டம்' என்று ஒரு அடி கேட்டது. மறுபடி அடித்தேன், மறுபடி கேட்டது. எனக்குச் சுருக்கென்றது. நான் அடிப்பது சரியில்லை என்று வேறு ஒருத்தனைப் பாறைக்குப் பின்னால் உட்காரவைத்துப் பழக்குகிறார்கள்! இது ஷெரீப் பாய் வேலையாகத்தான் இருக்கும். அவனை மாட்டவைக்க மெதுவாக அடித்தேன், அவனும் மெதுவாக அடித்தான். சட்டென்று நிறுத்தினேன். அந்தத் திருட்டுப்பயல் கடைசியாக ஒன்று அடித்துவிட்டுத்தான் நிறுத்தினான்.

டிரம்மைக் கழற்றி வைத்துவிட்டு, அடிக்கிற கோலோடு மேலே ஓடினேன். முள்ளுப் புதரெல்லாம் விலக்கிப் பார்த்தேன். இரண்டு ஆடும் ஒரு குட்டியும்தான் இருந்தன. உள்ளங்காலில் முள்ளோடு நொண்டிக்கொண்டு இறங்கி வந்தபோது, சின்ன டிரம் அடிக்கிற பெயிண்டர் முனுசாமி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தான்.

"அங்க எவனும் இல்லபா, நீ அடிக்கறது மலையில பட்டு உனக்கே திரும்பி வருது!"

வல்லம் வண்டியில் ஒரு சத்தம்

பேண்டுதான் போனது, தொழிலாவது என்னிடம் இருக்கிறதே என்று தேற்றிக்கொண்டிருந்தேன். இன்ஜினில் எங்கே நோவு என்று கண்டுபிடிக்க நாங்கள் ஒரு நீள ஸ்குரூ டிரைவரின் நுனியை இன்ஜின்மேல் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக் கேட்போம். அதில் என்னை அடிக்க அந்த வட்டாரத்திலேயே ஆள் கிடையாது. ஒருநாள் வல்லம் வண்டி டிரைவர், "டக்கு டக்குனு ஒரு சத்தம் வருதுபா, உயிர வாங்குது" என்று வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். நான் காதை வைத்துக் கேட்டேன். வால்வைத் தள்ளிவிடுகிற டாப்பெட்தான் என்றேன். மூடியைப் பிரித்து, சரிசெய்து, மாட்டி ஓட்டிப் பார்த்தோம். டக்கு டக்கு. மறுபடி பிரித்தேன். மத்தியானச் சோறுகூடத் தின்னவில்லை.

வேறொரு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து எதையோ தட்டிக்கொண்டிருந்த ஷெரீப் பாய், எழுந்திருக்கக்கூட இல்லை. அங்கிருந்தே, "நைனா, அது இன்ஜின் இல்ல. பின்னாடி மட்கார்டைப் புடிச்சிருக்குதே கம்பி, அதுல ஒரு நட்டு லூசா இருக்குது பாரு" என்றார். போய்ப் பார்த்தோம். இருந்தது. என் காதுக்குள் யாரோ ஆணியடித்த மாதிரி இருந்தது. டிரைவர் அந்த நட்டைக் கையாலேயே திருகி இறுக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இனிமே சத்தம்னா நான் நேரா பாயையே பாத்துக்கறேன் ஏழுமலை, நீ ரிப்பேர்னா மட்டும் வா."

மாமனாரிடம் வாய் தவறினது

என் மாமனாருக்கு சிங்கவரத்தில் நிலம், மல்லாட்டையும் நெல்லும் போடுவார். அவருக்கு இரண்டு மாப்பிள்ளை. மூத்தவர் சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. பந்தியில் அவருக்குத்தான் முதல் இலை. நான் போனால் உட்காரப் பாயை விரிக்கும்போதே, "கிரீஸ் ஏதும் ஒட்டிக்குமா மாப்ள?" என்று கேட்பார்கள். பத்து வருஷமாக இந்த மரியாதைதான் எனக்கு. அவர் ஒருநாள் மண்டியில் மூட்டை போட வந்தவர் ஷெட்டுக்கும் வந்துவிட்டார். "பேண்டு பேண்டுன்னு ஊரே பேசுது, அதுல நீங்க இன்னா மாப்ள?" என்றார். பக்கத்து பெஞ்சில் டிரம்பெட் கிடந்தது. என் கை போய் அதை எடுத்தது. என் வாய், "ஊதறது நான்தான் மாமா" என்றது. அவர் என்னை அதுவரைக்கும் பார்க்காத மாதிரி பார்த்தார். "அப்படியா!" என்று சொல்லிவிட்டு என் தோளில் கை வைத்தார். பத்து வருஷத்தில் முதல்தரம் கை வைத்தார். அப்புறம் எப்படி உண்மையைச் சொல்வேன், சொல்லுங்கள்?

பத்து நாள் கழித்து மேஸ்திரி எங்களைக் கூப்பிட்டார். சண்டையில் கையில் குண்டுபட்ட ஜவான் ஒருத்தர் சிங்கவரத்துக்காரராம். ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்கு வருகிறாராம். ஞாயிற்றுக்கிழமை நாம் போய் வாசித்து அழைத்துப் போகவேண்டும். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குச் சிங்கவரம் என்றதுமே மாமனார் முகம்தான் எதிரே வந்து நின்றது. ஷெரீப் பாயிடம் போய், "ஒரு நாள் மட்டும் அதை என் கையில் குடு, ஊதாமலாவது பிடிச்சிக்கினு நிக்கிறேன்" என்று கேட்டிருக்கலாம். கொடுத்திருப்பார். அவரிடம் போய்க் கேட்பதைவிட அந்தக் கோட்டை மலைமேலிருந்து குதிப்பது எனக்குச் சுலபம். மறுநாள் காலையில் மாமனாரே பஸ் பிடித்து வந்து நின்றார்.

"மாப்ள, நீங்க ஊதறதக் கேக்க வல்லத்துல இருந்து நம்ம சனத்தயெல்லாம் வரச் சொல்லிட்டேன். மூத்த மாப்ளயும் வராரு."

வால்வுக்கு வைத்தியம்

சனிக்கிழமை சாயங்காலம் ஷெரீப் பாய் டிரம்பெட்டோடு என் பெஞ்சுக்கு வந்தார். "நடு வால்வு ஒட்டுது நைனா, அமுக்குனா மேல வரமாட்டேங்குது. வால்வுன்னா நீதானே, கொஞ்சம் பாரேன்" என்றார். அந்த மனுஷன் என்னிடம் உதவி கேட்டது அதுதான் முதல் தடவை. நெஞ்சு நிமிர்ந்துபோனது. இன்ஜின் வால்வு சரியாக உட்காரவில்லை என்றால் நாங்கள் என்ன செய்வோம்? சொரசொரவென்று ஒரு பேஸ்ட் இருக்கிறது, அதைத் தடவி, இப்படியும் அப்படியும் உருட்டி உருட்டித் தேய்ப்போம். தேய்க்கத் தேய்க்க அப்படியே பொருந்தி உட்காரும். அதையே செய்தேன். ஒன்றுக்கு மூன்றாக மூன்று வால்வையும் தேய்த்தேன். மண்ணெண்ணெயில் கழுவி எண்ணெய் விட்டபோது ஒவ்வொன்றும் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு இறங்கியது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஞாயிறு காலையில் கிளம்புகிற நேரத்துக்கு ஷெரீப் பாய் வாயில் வைத்து ஊதினார். புஸ் என்றது. மறுபடி ஊதினார். வால்வுகள் தொளதொளவென்று ஆடின, எல்லாச் சந்திலும் காற்று போனது. அது தேய்க்கிற வால்வே இல்லையாம், சும்மா துடைத்து எண்ணெய் விட்டிருந்தாலே போதுமாம். எங்களுக்கு யார் சொன்னார்கள்? கெடுக்கவேண்டும் என்று நான் செய்யவில்லை, கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வேன். ஆனால் அந்த புஸ் சத்தத்தைக் கேட்டபோது எனக்குள்ளே ஒரு மூலையில் கொஞ்சம் குளிர்ந்தது. குளிரவில்லை என்று சத்தியம் செய்யச் சொன்னால் செய்யமாட்டேன். "எவன்டா இதைத் தொட்டது?" என்று மேஸ்திரி கத்தினார். "பழசு தானே மேஸ்திரி, தேஞ்சிபோச்சு" என்று சொல்லிவிட்டு ஷெரீப் பாய் என் நகக்கண்ணைப் பார்த்தார். அதில் பேஸ்ட் அப்படியே இருந்தது. என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்:

"பேஸ்ட் போட்டியா? போவுது விடு, நானா இருந்தாலும் அதான் போட்டிருப்பேன்."

சிங்கவரத்தில் நடந்தது

பஸ்ஸை விட்டு இறங்கி டிரம்மை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தால் ஊரே நிற்கிறது. முன்வரிசையில் வெள்ளை வேட்டியில் என் மாமனார், அவருக்குப் பின்னால் வல்லத்துச் சனம், கையைக் கட்டிக்கொண்டு மூத்த மாப்பிள்ளை. பெண்கள் பக்கத்தில் முந்தின நாளே வந்துவிட்ட அஞ்சலை. என் கழுத்தில் டிரம் தொங்குவதைப் பார்த்ததும் மாமனார் முகம் மாறியது. "இன்னா மாப்ள இது? உங்க ஊதல் எங்க?" என்று எல்லாரும் கேட்கிறமாதிரி கேட்டார். மேஸ்திரி சிரிப்பதற்கு வாயைத் திறந்தார். என் கதை முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஷெரீப் பாய் முந்திக்கொண்டார். "இவருதான் ஊதுவாருங்க பெரியவரே. நான் சும்மா எடுத்துப் பாக்கறேன்னு கெடுத்துட்டேன். அதான் இன்னிக்கு டிரம்மு." மாமனாருக்குக் கோபம் தலைக்கேறியது. "தெரியாத சாமானை ஏம்பா தொடற? ஊரு உலகத்தையே கூப்ட்டு வெச்சிருக்கேன், அறிவு இருக்குதா?" என்று பிடிபிடியென்று பிடித்தார். ஷெரீப் பாய் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்.

நான் தப்பித்துவிட்டேன். வாயை மூடிக்கொண்டு டிரம்மை அடித்திருந்தால் முதல் இலை எனக்குத்தான். ஆனால் பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது: "பாவம், எதிர்த்து ஒரு வார்த்தை பேசலை பாரு, தங்கமான மனுஷன்." டிரம்முக்கு மேலே எட்டிப் பார்த்தேன். ஊதுகிறவர் யார் என்று தெரிந்த அஞ்சலை, கண் கலங்கி ஷெரீப் பாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆத்திரம் வந்ததோ தெரியாது. டிரம்பெட்டை எடுத்துக்கொண்டார், மட்கார்டை எடுத்துக்கொண்டார், இப்போது நான் செய்த தப்பையும் எடுத்துக்கொண்டு நல்ல பேர் வாங்குகிறாரா? "மாமா, அத கெடுத்தது நான்! பேஸ்ட் போட்டுத் தேச்சது நான்! எனக்கு ஊதவே வராது, ஊதறதெல்லாம் அந்த ஆளுதான்!" என்று கத்திவிட்டேன். கோவில் மரத்துக் காக்காயெல்லாம் எழுந்து பறந்தது. நேர்மை என்று நினைத்துவிடாதீர்கள், சுத்தமான பொறாமை. மூத்த மாப்பிள்ளை களுக்கென்று சிரித்தார். மாமனார் திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தார், சிரிப்பு நின்றது. அப்புறம் என்னிடம் வந்து, சரிந்திருந்த டிரம் வாரைத் தன் கையால் என் தோளில் ஏற்றிவிட்டார்.

"சரி மாப்ள, தெரிஞ்சத அடிங்க."

ஜவான் சொன்னது

அடித்தேன். என் ஆயுசில் அப்படி அடித்ததில்லை. முன்னால் ஊத ஆள் இல்லாததால் டிரம்மையே முன்னால் விட்டுவிட்டார்கள். ஷெரீப் பாய் சும்மா வருவாரா? பஸ்ஸின் டூல்ஸ் பெட்டியிலிருந்து இரண்டு ஸ்பானரை எடுத்தார், ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார், இன்னொன்றால் அதைத் தட்டிக்கொண்டு பின்னால் வந்தார். கையைக் கழுத்தில் கட்டின துணித் தொட்டிலில் போட்டுக்கொண்டு அந்த ஜவான் எங்களோடு வீடுவரை நடந்தார். இருபத்தைந்து வயசுகூட இருக்காது. வாசலில் அவர் அம்மா ஆரத்தி எடுத்து முடித்ததும், உள்ளே போகாமல் நேராக என்னிடம் வந்தார். "டிரம்மு நல்லா இருந்துச்சுணா, நெஞ்சுல வந்து இடிச்சுது" என்றார். என் மாமனார் கேட்டுக்கொண்டிருக்கிறாரா என்று திரும்பிப் பார்த்தேன். கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அதோடு அந்தப் பிள்ளை உள்ளே போயிருக்கலாம்.

"ஆமாணா, பின்னாடி ஸ்பானர் தட்டினு வந்தாரே, அவரு யாரு? எங்க ரெஜிமெண்டு பேண்டுல கூட அந்த மாதிரி கேட்டதில்ல."

திரும்பி வரும்போது

பஸ்ஸில் ஷெரீப் பாய் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். செஞ்சி நெருங்குகிறபோது கேட்டேவிட்டேன். "ஏன் பாய் எனக்காகத் திட்டு வாங்கினே? நான் உன்னை ஒருநாளும் நல்லவிதமா நெனச்சதில்லயே." அவர் அந்த இரண்டு ஸ்பானரையும் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் நினைத்ததெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்ததோ என்னவோ, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"அவரு உன் மாமனாருபா. என்னைத் திட்டினா நான் ஊட்டுக்குப் போயி சாப்ட்டுத் தூங்கிடுவேன். நீயின்னா தீபாவளிக்குத் தீபாவளி அங்க போயி உக்காந்து சாப்புடணுமே."

இவ்வளவு நல்ல பதில்கூட அந்த மனுஷனுக்குத்தான் தோன்றவேண்டுமா என்று அன்றைக்கும் எரிந்தது, இன்றைக்கும் எரிகிறது. ஒரு சொட்டு டீசல் இல்லாமல் ஒரு ஆளை ஆயுசுக்கும் ஓட்டக்கூடியது வயிற்றெரிச்சல் ஒன்றுதான் என்று ஒரு இன்ஜின் பிட்டர் சொன்னால் தாராளமாக நம்பலாம்.